வாளை ஒப்புவித்த வானோடி

வீரர் எனப் போற்றப்படுவோரின் வரலாற்றைப் படிக்கப் புகும் நாம், பெரும்பாலும் அவர் போர்க்களத்தில் ஆற்றிய செயல்களையே தேடிப் படிக்கின்றோம். போர் முடிந்த பின்னர் அவர் எங்ஙனம் வாழ்ந்தார், தாம் செய்தவற்றை எவ்வாறு எண்ணிப் பார்த்தார் என்று வினவுவோர் மிகச் சிலரே. பகைவர் நாட்டின்மேல் ஒரு காலைப்பொழுதில் இரண்டு எரிகுண்டுகளை எறிந்துவிட்டு, பிற்காலத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் அந்நாட்டாரோடு நட்புப் பூண்பதையே தம் கடமையாகக் கொண்ட ஒருவரின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவர் பெயர் நொபுவோ புஜிதா. ஜப்பான் நாட்டுக் கடற்படை வானோடி. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெருநிலப்பரப்பின்மேல் போர்க்காலத்தில் ஆகாய விமானத்திலிருந்து குண்டெறிந்த பகைநாட்டு வானோடி இவர் ஒருவரே.

புஜிதா 1911-ஆம் ஆண்டு ஜப்பானின் தென்பகுதியாகிய கியூஷூ தீவில் பிறந்தார். அவருடைய குடும்பத்தில் நானூறு ஆண்டுப் பழமை வாய்ந்த வாள் ஒன்று வழிவழியாகப் போற்றிக் காக்கப்பட்டு வந்தது. தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வந்து சேரும் அவ்வாள் அக்குடும்பத்தின் மானத்திற்கு ஓர் அடையாளம். இதனை வாசகர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். ஏனெனில் நம் கதையின் முடிவு அவ்வாளிலேயே தங்கியிருக்கின்றது. 1932-ஆம் ஆண்டு புஜிதா கடற்படையிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டே விமானம் ஓட்டும் பயிற்சி பெற்றார். அவர் ஆரவாரம் அற்றவர், கையாளும் பொறியை நன்குணர்ந்தவர். இத்தகையவரையே நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றிச் செல்லப்படும் விமானத்தை ஓட்டும் அரிய பணிக்கு ஜப்பானியக் கடற்படை தெரிந்தெடுத்தது.

நீர்மூழ்கிக் கப்பலுக்குள் விமானமா என்று மாணவர் சிலர் வியக்கக் கூடும். கடலில் நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் நீர்மூழ்கியின் கண் நெடுந்தொலைவு காணாது. அதற்கு ஒரு சிறு விமானம் இருப்பின், அடிவானத்திற்கு அப்பாலுள்ள துறைமுகங்களையும் கப்பல்களையும் அது கண்டு வந்து சொல்லும். இக்கருத்தை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் முன்னரே ஆராய்ந்து பார்த்தனர். ஆங்கிலேயரின் எம்-2 என்னும் விமானந்தாங்கி நீர்மூழ்கி 1932-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தன்கண் இருந்த அறுபதின்மரோடும் கடலில் ஆழ்ந்துபோயிற்று. விமான அறையின் கதவு வழியே நீர் புகுந்ததே காரணம் எனக் கருதப்பட்டது. அதன்பின் ஆங்கிலேயர் அம்முயற்சியைக் கைவிட்டனர். ஜப்பானியரோ விடாது தொடர்ந்து, இரண்டாம் உலகப் போரில் இத்தகைய கப்பல்களைப் பெருவாரியாகப் பயன்படுத்தினர்.

புஜிதா பணியாற்றிய கப்பலின் பெயர் ஐ-25. அதன் நீளம் 108 மீட்டருக்கு மேற்பட்டது. இடையில் எண்ணெய் பெறாமலே 14,000 கடல் மைல் செல்ல வல்லது. அதன் கோபுரத்திற்கு முன்புறம் நீர்புகாத நீண்ட அறையொன்று உண்டு. சிறகுகளும் மிதவைகளும் கழற்றப்பட்ட விமானம் அதனுள் அடங்கிக் கிடக்கும். வேண்டும்போது கப்பல் நீர்மேல் எழ, கம்மியர் விரைந்து விமானத்தை வெளியே இழுத்து உறுப்புகளைப் பூட்டுவர். பின்னர் அழுத்தக் காற்றினால் இயங்கும் எறிபொறி அதனை முன்தளத்தின்மீது உந்தி வானில் ஏற்றும். திரும்பி வரும் விமானம் கப்பலின் அருகே கடலில் இறங்கும். பாரந்தூக்கி அதனை மேலேற்ற, மீண்டும் உறுப்புகளைக் கழற்றி அறைக்குள் அடைப்பர். இத்துணை வேலையும் முடியுமளவும் கப்பல் நீரில் மூழ்க இயலாது. அந்நேரத்தில் பகைவர் விமானம் ஒன்று வருமாயின் கப்பலில் உள்ளார் அனைவர் உயிருக்கும் இறுதி நேரும். விமானமும் சிறியது, இருவரே அமரத் தக்கது, மணிக்கு 246 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் அதற்கில்லை. பின்னிருக்கையில் உள்ளவர் கையிலிருந்த ஒரு யந்திரத் துப்பாக்கியே அதற்குற்ற காவல்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் ஹவாயித் தீவின் முத்துத் துறைமுகத்தைத் தாக்கியபோது ஐ-25 அத்தீவின் வடபால் காவல் நின்றது. அன்று புஜிதாவின் விமானம் பறக்கவில்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலே அவர் திறமை வெளிப்பட்டது. 1942 பிப்ரவரி 17-ஆம் நாள் விடியுமுன் அவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர்மேற் பறந்து துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களை எண்ணி வந்தார். அம்மாதம் 26-ஆம் நாள் மெல்போர்ன் நகரும், மார்ச்சு முதல் நாள் ஹோபார்ட் நகரும் அவர் கண்ணிற்பட்டன. பின்னர் அதே மார்ச்சுத் திங்களில் நியூசிலாந்தின் வெல்லிங்டன், ஆக்லாந்து நகர்களையும், பிஜித் தீவின் சூவாவையும் அவர் வேவு பார்த்தார். அவ்வூர்களில் உறங்கிக் கிடந்த மக்கள் தம் தலைக்குமேல் பகைவர் விமானம் பறந்ததை அறியாதிருந்தனர். அப்பயணங்களில் அவர் குண்டு ஒன்றும் எறிந்தாரல்லர்.

அங்ஙனம் இருக்க, எரிகுண்டோடு அவரை அமெரிக்காவிற்கு அனுப்பியது யாது? 1942 ஏப்ரல் 18-ஆம் நாள் அமெரிக்கத் தளபதி டூலிட்டிலின் தலைமையில் பதினாறு விமானங்கள் தோக்கியோ முதலிய ஜப்பானிய நகர்கள்மேல் குண்டெறிந்தன. அப்போது ஐ-25 யோகோசுகா துறைமுகத்தில் செப்பனிடப்பட்டு வந்தது. தாயகத்தின்மேல் பகைவர் குண்டு விழுந்தமை ஜப்பானியர் உள்ளத்தைப் பெரிதும் புண்படுத்திற்று. எதிரடி கொடுத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வலுத்தது. நீர்மூழ்கியின் சிறு விமானங்கள் வேவு பார்த்தலோடு நில்லாது, பனாமாக் கால்வாயையும் அமெரிக்கக் கரையிலுள்ள படைத்தளங்களையும் தாக்கலாம் என்று புஜிதா தம் கப்பல் அதிகாரியிடம் முன்னரே கருத்துரைத்திருந்தார். அக்கருத்து மேலிடத்தை எட்டியது. தலைநகரிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. பேரரசரின் இளவலாகிய தகமத்சு இளவரசரும் அக்கூட்டத்தில் இருந்தார்.

பெரிய படைத்தளம் ஒன்றைத் தாக்கும் ஆணையே கிடைக்கும் என எண்ணிச் சென்ற புஜிதாவிற்கு ஆங்குக் கிடைத்த ஆணை வியப்பளித்தது. ஆரிகன் மாகாணத்தின் காடுகள்மேல் குண்டெறிந்து வருமாறு பணிக்கப்பட்டார். காட்டின்மேற் குண்டெறிவதால் ஆவதென்னை என்று அவர் முதலில் மனஞ்சோர்ந்தார். அமெரிக்க மேற்குக் கரையில் தூதுவராகப் பணியாற்றிய ஒருவர் அக்காடுகளின் இயல்பை அறிந்து கூறிய யோசனை அஃது. கோடையில் அக்காடுகளில் தீப்பற்றின் எளிதில் அவியாது, ஊர்களையும் எரிக்கும், மக்கள் நடுங்குவர், கப்பற்படை தன் கரையைக் காக்கத் திரும்பும். இவ்விளக்கம் கேட்டபின் புஜிதா உடன்பட்டார். அத்தீயில் அகப்படக் கூடியவர் படைவீரர் அல்லர், மரம் வெட்டுவோரும் அவர்தம் மனைவி மக்களுமே என்பது அந்நாளில் அக்கூட்டத்தார் எவர் நெஞ்சையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. போர் மனிதர் கண்ணை மறைக்கும் விதம் இதுவே.

1942 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஐ-25 யோகோசுகாவை விட்டுப் புறப்பட்டது. செப்டம்பர்த் தொடக்கத்தில் ஆரிகன் கரையை அடைந்தும், கடற்கொந்தளிப்பால் சில நாள் காத்திருக்க நேர்ந்தது. செப்டம்பர் 9-ஆம் நாள் விடியலில் கடல் அடங்கிற்று. புஜிதா தம் விமானத்தில் ஏறினார்; பின்னிருக்கையில் ஒகுதா என்னும் துணைவர் அமர்ந்தார். குடும்ப வாளும் வழக்கம்போல் புஜிதாவோடு சென்றது. விமானத்தின் சிறகுகளின்கீழ் 76 கிலோகிராம் நிறையுள்ள எரிகுண்டுகள் இரண்டு தொங்கின. ஒவ்வொன்றிலும் வெடித்துச் சிதறி எரியத் தக்க 520 சிறு துண்டங்கள் இருந்தன. பிளாங்கோ முனையிலுள்ள கலங்கரை விளக்கத்தை அடையாளமாகக் கொண்டு கரையைக் கடந்து, தென்கிழக்கே திரும்பி, புரூக்கிங்ஸ் என்னும் சிற்றூருக்குக் கிழக்கேயுள்ள எமிலி மலைச்சாரலில் முதற் குண்டை எறிந்தார். வெண்ணிற ஒளி மரங்களிடையே தெறித்தது. சிறிது தொலைவு சென்று இரண்டாவதையும் எறிந்தார். திரும்புங்காலை இரு வாணிகக் கப்பல்களைக் கண்டு, அவற்றிற்குப் புலப்படாவண்ணம் அலைகளை ஒட்டித் தாழப் பறந்து கப்பலை அடைந்தார்.

அக்குண்டுகள் விளைத்தது யாது? அவ்வாண்டு அக்காட்டில் பருவந்தப்பி மழை பெய்திருந்தது. தரையும் சருகும் நனைந்து கிடந்தன. மலையுச்சியிற் காவலிருந்த காட்டுக் காவலர், பழக்கமற்ற ஒலியுடன் சிறு விமானம் சென்றதைக் கண்டார். பின்னர்ப் புகை எழுவதையும் கண்டு, வழியற்ற காட்டின் ஊடே நடந்து சென்று, மற்றொரு காவலரின் துணையோடு தீயை அவித்தார். சில மரங்கள் கருகியமையன்றி வேறு கேடில்லை. ஓர் உயிரும் மாயவில்லை. அவ்விடத்துக் கிடந்த குண்டின் சிதறல்களில் ஜப்பானிய எழுத்துகள் காணப்பட்டபோதுதான் நேர்ந்தது இன்னதென அரசினர்க்கு விளங்கிற்று. அன்றே அமெரிக்க விமானம் ஒன்று ஐ-25-ஐக் கண்டு குண்டெறிந்தது. கப்பல் சிறு ஊறுபாட்டோடு மூழ்கி, கடலடியிற் கிடந்து தப்பியது.

செப்டம்பர் 29-ஆம் நாள் இரவில் புஜிதா மீண்டும் பறந்து மேலும் இரண்டு குண்டுகளைக் காட்டில் எறிந்தார். அம்முறையும் காடு தீப்பற்றவில்லை. இருளில் தம் கப்பல் நின்ற இடம் தோன்றாது தவித்து, நீரின்மேல் மிதந்த எண்ணெய்ப் படலத்தைப் பின்பற்றியே அவர் அதனைக் கண்டடைந்தார். எஞ்சிய இரு குண்டுகளை எறிய வானிலை இடங்கொடுக்கவில்லை. ஐ-25 எண்ணெய்க் கப்பல்கள் இரண்டை அழித்துவிட்டு அக்டோபர்த் திங்களில் தாயகம் மீண்டது. தோக்கியோ செய்தித்தாள்கள் அமெரிக்கா தாக்கப்பட்டதைப் பெருவெற்றியாகப் பறையறைந்தன. நனைந்த காட்டில் அவிந்துபோன ஒரு சிறு தீயே அவ்வெற்றி. அம்மழை பெய்யாதிருப்பின் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிற்காலத்தில் மிகுதியும் எண்ணிப் பார்த்தவர் புஜிதாவே.

ஜப்பானியர் இம்முறைகளை இதனோடு விட்டாரல்லர். கடற்படைத் தலைவர் யமமோத்தோவின் கருத்துப்படி, ஒவ்வொன்றும் மூன்று குண்டு விமானங்களைத் தாங்கத் தக்க ஐ-400 வகைப் பெருநீர்மூழ்கிகள் கட்டப்பட்டன. அவற்றின் நீளம் 122 மீட்டர். அந்நாளில் அவற்றினும் பெரிய நீர்மூழ்கி உலகில் இல்லை. பனாமாக் கால்வாயின் மதகுகளைத் தகர்ப்பது அவற்றின் முதல் நோக்கம். பதினெட்டுக் கட்டத் திட்டமிட்டு மூன்றே முற்றுப்பெற்றன. அவை ஒரு குண்டும் எறியுமுன் 1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. காட்டை எரிக்கும் எண்ணமோ காகிதப் புகைக்கூண்டுகளின் வடிவில் மீண்டும் எழுந்தது. காற்றோட்டத்தில் மிதந்து கடல் கடந்த அக்கூண்டுகளுள் ஒன்றின் குண்டு 1945 மே 5-ஆம் நாள் அதே ஆரிகன் மாகாணத்தில் பிளை என்னும் ஊரின் அருகே வெடித்தது. திருச்சபைப் பிள்ளைகளோடு வனபோசனம் சென்றிருந்த போதகர் ஒருவரின் மனைவியும் ஐந்து சிறாரும் அதனால் மாண்டனர். புஜிதாவின் குண்டு செய்யாது விட்டது இத்தகையதே என்பதை நாம் மறத்தலாகாது.

போரின் பிற்பகுதியில் புஜிதா இளம் வானோடிகட்குப் பயிற்சி அளித்து வந்தார். தம் உயிரையே ஆயுதமாக்கிப் பகைவர் கப்பல்மேல் மோதி மடியும் பணிக்கென அவ்விளைஞர் ஆயத்தம் செய்யப்பட்டனர். அவரோடு பறந்த ஒகுதா தென்கடற் போரில் இறந்தார். ஐ-25 கப்பலும் 1943-ஆம் ஆண்டில் தன் மாலுமிகளோடு கடலில் ஆழ்ந்தது. உடன் உழைத்தோர் பலரும் மறைய, புஜிதா எஞ்சினார். போருக்குப்பின் தோக்கியோவிற்கு வடகிழக்கே இபராகி மாகாணத்துத் சுச்சியூரா நகரில் இரும்புச் சாமான் கடை ஒன்று வைத்துப் பிழைத்து வந்தார். இருபது ஆண்டுக் காலம் அவரை உலகம் மறந்திருந்தது.

1962-ஆம் ஆண்டு புரூக்கிங்ஸ் நகரத்து இளைஞர் வணிகச் சங்கத்தார், தம் ஊர் மலர்விழாவிற்கு அவரை விருந்தினராக அழைக்கத் துணிந்தனர். ஊரில் எதிர்ப்பு எழுந்தது. போரில் உறவினரை இழந்தோரும் பழைய படைவீரரும் அவ்வூரில் இருந்தனர். நம்மீது குண்டெறிந்தவனுக்கு விருந்தா என அவர் வெகுண்டது இயல்பே. ஜப்பானிய அரசினரும், போர்க்குற்றவாளியாக அவர்மேல் வழக்கு நடவாது என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே அவரைச் செல்ல விடுத்தனர். புஜிதா தம் மனைவியோடும் மைந்தரோடும் புறப்பட்டார். குடும்ப வாளையும் உடன் எடுத்துக்கொண்டார்.

எதற்காக எடுத்தார் என்பதை அவர் மகளார் பிற்காலத்தில் வெளியிட்டார். அவ்வூரார் சினங்கொண்டு தம்மைப் பழித்துரைப்பாராயின், அவ்வாளால் தம் வயிற்றைத் தாமே கிழித்து உயிர்விட்டு அவர் சினத்தை ஆற்றுவதெனத் தம்முள் முடிவு செய்தே புஜிதா சென்றிருக்கின்றார். பகைவர் நகர்கள்மேல் துணிந்து பறந்த அவர் உள்ளம், சிற்றூர் மக்களின் முகத்தை நேருக்குநேர் காண்பதற்கு அத்துணை அஞ்சிற்று. நாம் செய்த தீங்கை, அத்தீங்கிற்கு உட்பட்டார் முன்னிலையிலே நின்று ஏற்றுக்கொள்வது எத்துணை அரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவர் அஞ்சியவாறு நிகழவில்லை. ஊரார் அவரை அன்போடு எதிர்கொண்டனர். விழாவில் மதித்து அமர்த்தினர். தம் உயிரைப் போக்கிக்கொள்ளக் கொணர்ந்த வாளைப் புஜிதா அந்நகரத்தார் கையில் நட்பின் அடையாளமாக ஒப்புவித்தார். நானூறு ஆண்டு தம் குலத்தார் காத்த பொருளை, தாம் எரிக்கச் சென்ற ஊரிலே விட்டுவிட்டுத் திரும்பினார்.

புரூக்கிங்ஸ் நகர மாணவரைத் தம் நாட்டிற்கு அழைப்பதாகவும் அவர் அன்று வாக்களித்தார். ஆனால் ஊழ் வேறாக இருந்தது. அவர் வாணிகம் நொடித்தது. கடையை இழந்து, பிறரிடம் கூலிக்கு உழைக்க நேர்ந்தது. பலர் இந்நிலையில் வாக்கை மறப்பர். அவரோ தம் ஊதியத்தில் சிறுகச் சிறுகச் சேமித்தார். இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1985-இல் சுகூபா நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, புரூக்கிங்ஸ் உயர்நிலைப் பள்ளி மாணவியர் மூவரைத் தம் செலவில் வரவழைத்து உபசரித்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகனின் மாளிகையிலிருந்து அவருக்குப் பாராட்டு வந்தது.

அதன்பின் 1990, 1992, 1995 ஆகிய ஆண்டுகளில் அவர் மீண்டும் புரூக்கிங்ஸ் சென்றார். வேற்று நாடுகளைப் பற்றிய நூல்களைக் குழந்தைகள் படித்தறிய வேண்டும் என விழைந்து, அந்நகர நூலகத்திற்குப் பொருள் உதவினார். குண்டெறிந்து ஐம்பது ஆண்டு நிறைந்த 1992-இல், எண்பதை எட்டிய முதுமையிலும் அம்மலைக்காட்டினுள் நடந்து சென்று, தம் குண்டு விழுந்த இடத்திலே செம்மரக் கன்று ஒன்றை நட்டார். ஆயிரம் ஆண்டுக்கு மேலும் வாழ வல்ல மரவகை அது. 1995-ஆம் ஆண்டு வந்தபோது, நகர மன்றத்தில் இருந்த வாள் நூலகத்திற்கு மாற்றப்படுவதில் தாமும் கலந்துகொண்டார். போர்க்கருவி நூல்களின் நடுவே இடம்பெற்றது.

1997-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் நோய்வாய்ப்பட்டுக் கிடந்தபோது, புரூக்கிங்ஸ் நகரத்தார் அவரைத் தம் நகரின் கௌரவக் குடிமகன் என அறிவித்தனர். அச்சிறப்பைப் பெற்ற சில நாட்களில், செப்டம்பர் 30-ஆம் நாள், தமது எண்பத்தைந்தாம் அகவையில் அவர் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் மகளார் கடல் கடந்து வந்து, தந்தையின் சாம்பலில் ஒரு பகுதியை அக்காட்டில், குண்டு விழுந்த அவ்விடத்திலேயே அடக்கம் செய்தார். பகைவராய் வந்து வானில் நின்று நோக்கிய மண்ணில் அவர் உறவினராய்த் தங்கிவிட்டார்.

மாணவ நண்பர்களே! புஜிதாவின் செயலை ஆராயும் நாம் இருவகைப் பிழைகளை விலக்க வேண்டும். அவர் குண்டு எவரையும் கொல்லவில்லை என்பதால் அவர் செய்தது சிறிது எனல் ஒரு பிழை. கொல்லாது விட்டது மழையேயன்றி அவரன்று, இதனை அவரே நன்குணர்ந்திருந்தார். ஆணைக்குக் கீழ்ப்படிந்தவர்க்குக் குற்றமில்லை எனல் மற்றொரு பிழை. அக்காரணங் கூறி அமைதி கொள்ள அவர் மனச்சான்று இடந்தரவில்லை. அதே சமயத்தில், முதற்கண் அழைப்பு விடுத்தவர் குண்டெறியப்பட்ட ஊராரே என்பதையும் நாம் மறத்தலாகாது. சினத்திற்கு நியாயமான காரணம் உடையார் அதனைத் துறந்து கதவைத் திறந்தமையாலன்றோ, வந்தவர் வாளை உறையோடு கீழே வைக்க முடிந்தது?

நம்மிடையே போர்க்களம் செல்வார் சிலரே. பிறர்க்குத் தீங்கிழையாதாரோ ஒருவரும் இலர். ஒரு சொல்லால், ஒரு கடிதத்தால், ஒரு புறக்கணிப்பால் நாம் மூட்டிய தீ எங்கேனும் புகைந்துகொண்டிருக்கலாம். அவ்விடத்திற்குத் திரும்பிச் செல்லும் துணிவு நமக்கு உண்டா என ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்வோமாக.